லேபிளில் மரபணு மாற்றம்: மலையகத்தில் உணவு பெக்கட் செய்து விற்பவர்களுக்கு முழு வழிகாட்டி

வீட்டிலோ சின்னக் கூடத்திலோ மிக்சர், சோயா பைட்ஸ், சத்துமா, கேக், ஜேம் என்று செய்து, ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா, பண்டாரவளை கடைகளுக்குப் போடுகிறவர்களுக்காக எழுதியது இது. இவர்களில் பலருக்கு லேபிள் வேலையில் கூட இருந்து உதவியிருக்கிறேன். ஏறக்குறைய எல்லோரும் ஒரே இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். அச்சகத்தில் டிசைன் எல்லாம் முடிந்த பிறகு, "ஜி.எம். பற்றி ஏதாவது போடணுமா?" என்று கேட்கிறார்கள். ஜி.எம். என்றால் ஆய்வுகூடத்தில் மரபணுவை மாற்றிய பயிர், அதிலிருந்து வரும் உணவு.

அங்கே நின்று கேட்டால் யாராலும் பதில் சொல்ல முடியாது. பதில், சோயா மாவும் கோன் பிளவரும் (சோள மாச்சத்து) வாங்கிய மொத்தக் கடையில் இருக்கிறது. அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள். அச்சகம் கிட்டத்தட்ட கடைசியில்தான் வருகிறது.

1. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு கொப்பி, ஒரு கோப்பு, கைத்தொலைபேசியில் கேமரா. இவை போதும். ஆனால் மூன்று விஷயங்கள் முன்கூட்டியே முடிந்திருக்க வேண்டும்.

முதலாவது, நீங்கள் உணவு தயாரிக்கும் இடம் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்குத் தெரிந்ததாக, பதிவானதாக இருக்க வேண்டும். இடமே பதிவாகாமல் லேபிளை மட்டும் ஒழுங்காக அச்சடித்து வைப்பதில் பயனில்லை. லேபிளில் நீங்கள் போடும் முகவரியைப் பார்த்துத்தான் பி.எச்.ஐ. உங்களைத் தேடி வருவார்.

இரண்டாவது, செய்முறை நிலையாக இருக்க வேண்டும். இந்த வாரம் சோயா மா, அடுத்த வாரம் விலை கூடிவிட்டதென்று கடலை மா என்றால் எந்த லேபிளும் பொய்யாகிவிடும். நிறுத்து எழுதுங்கள். "ரெண்டு கை" என்பது அளவு அல்ல.

மூன்றாவது, விதியின் பிரதி. சுகாதார அமைச்சின் தளத்திலும் அரசாங்க அச்சகத் திணைக்களத்தின் தளத்திலும் வர்த்தமானிகள் கிடைக்கும். உங்களுக்கு வேண்டியவை இரண்டு. ஒன்று, மரபணு மாற்றிய உணவுகளின் இறக்குமதி, லேபிளிடல், விற்பனை ஆகியவற்றைக் கட்டுப்படுத்தும் 2006 ஆம் ஆண்டு ஒழுங்குவிதி. 1456/22 இலக்க அதிவிசேட வர்த்தமானி. மற்றது பொதுவான லேபிள் விதி. 2005 ஆம் ஆண்டு லேபிள் விதியைப் பார்த்து அடித்த பழைய மாதிரிகளை இன்னமும் அச்சகங்கள் கணினியில் வைத்திருக்கின்றன. அதற்குப் பிறகு 2022 ஆம் ஆண்டின் உணவு லேபிளிடல், விளம்பர ஒழுங்குவிதிகள் வந்துவிட்டன. "அண்ணே, போன வருஷம் இன்னொருத்தருக்கு அடிச்ச அதே மாதிரி" என்று ஓடர் கொடுப்பது ஆபத்தான பழக்கம்.

2. விதி எதைக் கேட்கிறது என்று முதலில் தெளிவாகுங்கள்

1980 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க உணவுச் சட்டத்தின் கீழ் வந்த விதி இது. 2007 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. மூன்று வகைப் பொருள்களை இது பிடிக்கிறது. மரபணு மாற்றிய உயிரியே உணவாக விற்கப்படுவது ஒன்று. அதைக் கொண்டிருக்கும் உணவு இரண்டாவது. அதிலிருந்து பெறப்பட்ட பொருளைச் சேர்த்த உணவு மூன்றாவது.

உங்களுக்குச் சிக்கல் தருவது மூன்றாவதுதான். சோயா விதையை நீங்கள் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டீர்கள். ஆனால் சோயாவிலிருந்து எடுத்த லெசித்தின் (எண்ணெயும் நீரும் பிரியாமல் சேர்த்து வைக்கும் பொருள்) உங்கள் மாஜரினில் இருக்கலாம். நன்றாகச் சுத்திகரித்த எண்ணெயில் ஆய்வுகூடத்தால்கூட மரபணுவைக் காண முடியாமல் போகலாம். "கண்டுபிடிக்க முடியாதென்றால் சொல்லத் தேவையில்லைதானே" என்று கேட்பவர்கள் உண்டு. இலங்கை விதி கேட்பது, எதிலிருந்து வந்தது என்பதை.

இன்னொன்று, பலர் இதை வெறும் லேபிள் விதி என்று நினைத்துவிடுகிறார்கள். லேபிளில் எழுதிவிட்டால் விற்கலாம் என்பது சட்டம் அல்ல. இங்கே முதலில் வருவது அனுமதி. பிரதம உணவு அதிகாரியான சுகாதாரச் சேவைகள் பணிப்பாளர் நாயகத்தின் அனுமதி இல்லாமல் இப்படியான உணவை இறக்குமதி செய்யவோ, களஞ்சியப்படுத்தவோ, கொண்டுசெல்லவோ, விற்கவோ கூடாது. அனுமதி கிடைத்த பிறகு வருவதுதான் லேபிள். சிறு தயாரிப்பாளர் ஒருவர் இந்த அனுமதிக்கு விண்ணப்பித்து, அறிவியல் ஆவணங்கள் கொடுத்து, நிபுணர் குழுவின் பரிசீலனைக்குக் காத்திருப்பது நடைமுறையில் நடக்காத காரியம். ஆகவே உங்கள் வேலை, அப்படிப்பட்ட சரக்கு உங்கள் சட்டிக்குள் வராமல் பார்த்துக்கொள்வதும், வரவில்லை என்பதைக் காகிதத்தில் காட்டுவதும்தான். இந்த வழிகாட்டியில் பாதிக்கு மேல் அந்தக் காகிதத்தைப் பற்றியதாக இருப்பதற்குக் காரணம் அதுதான்.

3. உட்பொருள்களைக் கடைசித் தூள் வரை எழுதுங்கள்

கொப்பியில் ஒரு பக்கத்தை எடுத்து, ஒரு தொகுதிக்குப் போகும் எல்லாவற்றையும் கிராம் கணக்கில் எழுதுங்கள். பெரிய பொருள்களை யாரும் மறப்பதில்லை. மறப்பது சின்னவற்றைத்தான்.

எடுத்துக்காட்டாக ஒரு மிக்சர். கடலை மா, அரிசி மா, நிலக்கடலை, பொரிக்கும் எண்ணெய், உப்பு, மிளகாய்த்தூள், பெருங்காயம், கறிவேப்பிலை. "இவ்வளவுதான்" என்பார்கள். மொறுமொறுப்புக்கு ஏதாவது சேர்க்கிறீர்களா என்று கேட்டால், கொஞ்சம் கோன் பிளவர். மேலே தூவுவது? கடையில் வாங்கும் மசாலாச் சுவைத் தூள். அந்தத் தூளின் பொதியைத் திருப்பிப் பாருங்கள். மோல்டோடெக்ஸ்ட்ரின் (மாச்சத்தை உடைத்து எடுக்கும் தூள்) இருக்கும், பெரும்பாலும் அது சோளத்திலிருந்து வருவது. தாவரப் புரதப் பகுப்பு என்று ஒன்று இருக்கும். அது சோயாவாக இருக்கலாம். பெருங்காயத்தில்கூட கோதுமை மாவோ வேறு மாவோ கலந்திருப்பார்கள்.

கேக் செய்பவர்களுக்கு இந்தப் பட்டியல் இன்னும் நீளும். மாஜரின், சொக்லட் (லெசித்தின்), கஸ்டர்ட் பவுடர் (முக்கால்வாசி சோள மாச்சத்து), பேக்கிங் பவுடர், ஐசிங் சீனி. ஐசிங் சீனி கட்டிபடாமல் இருக்க சோள மாச்சத்துச் சேர்ப்பார்கள் என்பது பல வருடம் கேக் செய்தவர்களுக்கே தெரிவதில்லை.

ஒரு பொருளுக்குள் பல பொருள் இருந்தால், உள்ளே இருப்பவற்றையும் அதன் கீழே எழுதுங்கள். காரணம், விதி ஒவ்வொரு உட்பொருளையும் தனித்தனியாகப் பார்க்கிறது. "மசாலா" என்று ஒரே வரியில் முடித்துவிட்டால் அடுத்த படியைச் செய்ய முடியாது.

4. எதைத் துருவ வேண்டும், எதை விட்டுவிடலாம்

பட்டியல் முழுவதற்கும் அலைய வேண்டியதில்லை. உலகச் சந்தையில் மரபணு மாற்றிய வகை பெருமளவில் புழங்கும் பயிர்கள் சிலவே: சோயா, சோளம், கனோலா (கடுகு இனத்து எண்ணெய்ப் பயிர்), பருத்தி (பருத்திக்கொட்டை எண்ணெய்), சீனிக்கிழங்கு. பட்டியலில் இவற்றின் பெயரோ, இவற்றிலிருந்து வருவதோ இருந்தால் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் போடுங்கள். பப்பாசி போன்ற வேறு சில பயிர்களிலும் மரபணு மாற்றிய வகைகள் உண்டு. இறக்குமதிச் சரக்காக இருந்தால் மட்டும் அவற்றை விசாரியுங்கள்.

நட்சத்திரம் தேவையில்லாதவை: நிலக்கடலை, தேங்காய் எண்ணெய், பாம் எண்ணெய், மிளகு, ஏலம், தேயிலை, நம்ம ஊர்க் கரட், லீக்ஸ், ஸ்ட்ரோபெரி. இவற்றில் வணிக ரீதியாகப் புழங்கும் மரபணு மாற்றிய வகை இல்லை. இலங்கையில் எந்த மரபணு மாற்றிய பயிரையும் வணிக ரீதியாகப் பயிரிட அனுமதி கொடுக்கப்படவில்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

மலையகத்தில் அடிக்கடி வரும் குழப்பம் ஒன்றை இங்கே தீர்த்துவிடலாம். நுவரெலியா, வெலிமடைத் தோட்டக்காரர்கள் தகரப் பேணியில் வரும் ஹைபிரிட் கரட் விதை, கோவா விதை வாங்கிப் போடுகிறார்கள். "ஒட்டு விதை, வெளிநாட்டு விதை, அப்போ ஜி.எம்.தானே" என்கிறார்கள். இல்லை. ஹைபிரிட் என்பது ஒரே பயிரின் இரண்டு வகைகளை மகரந்தம் சேர்த்து எடுப்பது. ரெட் லேடி பப்பாசியும் அப்படித்தான். நுவரெலியாவில் போடும் கிரனோலா உருளைக்கிழங்கும் வழக்கமான முறையில் உருவாக்கிய வகைதான். விதைப் பேணியில் எஃப் 1 (ஹைபிரிட் விதையின் குறி) என்று இருப்பதைப் பார்த்து லேபிளில் "மரபணு மாற்றியது" என்று போடத் தயாரானவர்களையும் பார்த்திருக்கிறேன். தேவையில்லாமல் தன் சரக்கைத் தானே அனுமதி வேண்டிய பட்டியலுக்குள் தள்ளும் வேலை அது.

இன்னொரு வதந்தி, பழத்தில் ஒட்டியிருக்கும் சின்ன ஸ்டிக்கரில் 8 இல் தொடங்கும் ஐந்து இலக்க எண் இருந்தால் ஜி.எம். என்பது. அந்த எண்வரிசை ஒரு காலத்தில் அதற்கென்று ஒதுக்கப்பட்டது உண்மை. கடைகளில் அது பயன்பாட்டுக்கே வரவில்லை. வட்ஸ்அப்பில் மட்டும் உயிரோடு இருக்கிறது.

5. சாக்கின் வாயில் தைத்த அட்டையைப் பிடியுங்கள்

அதிகம் பேர் வழுக்கும் படி இது. இங்கே நிதானமாக இருங்கள்.

மொத்தக் கடையில் சோயா மா 25 கிலோ சாக்கில் வரும். சாக்கின் வாயைத் தைத்திருக்கும் நூலோடு சேர்த்து ஒரு சின்ன அட்டை இருக்கும். இல்லையென்றால் சாக்கிலேயே அச்சு இருக்கும். தயாரித்த நிறுவனம், நாடு, தொகுதி எண், திகதி எல்லாம் அதில்தான் உண்டு. கடைப் பையன் நூலை ஒரே இழுப்பில் பிரித்து, அட்டையோடு தரையில் போடுவான். அப்புறம் மாவைக் கிலோக் கிலோவாக வெள்ளைப் பொலித்தீன் பையில் நிறுத்து வைப்பார்கள். நீங்கள் வாங்குவது அந்தப் பையை. அதில் ஒரு எழுத்தும் இருக்காது. அந்த நிமிடத்தோடு உங்கள் சரக்கின் பிறப்புச் சான்று குப்பைக்குப் போய்விட்டது.

எனவே:

நட்சத்திரம் போட்ட பொருளை முடிந்தவரை முத்திரை உடையாத மூலப் பொதியில் வாங்குங்கள். ஐந்து கிலோ போதும் என்றால், பக்கத்து டிவிஷனில் செய்கிற இன்னொருவரோடு சேர்ந்து ஒரு சாக்கு எடுக்கலாம். அதற்கு வழியில்லையென்றால், கடைக்காரரிடம் சாக்கைப் பிரிக்கும் முன் ஒரு படம் எடுக்கக் கேளுங்கள். "முதலாளி, பி.எச்.ஐ. கேட்பார், ஒரு ஃபோட்டோ எடுத்துக்கிறேன்" என்றால் பெரும்பாலானவர்கள் மறுப்பதில்லை. மறுக்கிற கடையில் நட்சத்திரப் பொருள் வாங்காதீர்கள்.

படத்தில் நான்கு விஷயங்கள் தெரிய வேண்டும்: பொருளின் பெயர், உற்பத்தி செய்த நாடு, தொகுதி எண், காலாவதித் திகதி. இதில் நாட்டைப் படிக்கும்போது கவனம். "பொதி செய்தது கொழும்பு" என்றிருந்தால், சோயா கொழும்பில் விளைந்தது என்று பொருள் அல்ல. எங்கே விளைந்தது, எங்கே அரைத்தது, எங்கே பொதி செய்தது என்ற மூன்றும் வேறு வேறாக இருக்கலாம்.

நாடு ஏன் முக்கியம்? அமெரிக்கா, பிரேசில், ஆர்ஜென்டினா மூன்றிலும் விளையும் சோயாவில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் மரபணு மாற்றியதுதான். அமெரிக்கச் சோளத்துக்கும் அதே கதை. இந்தியாவில் வணிக ரீதியாகப் பயிரிடுவது பருத்தி ஒன்றை மட்டுமே. அங்கே விளைந்த சோயா அந்தக் கணக்கில் வராது, பருத்திக்கொட்டை எண்ணெய் வரும். நாட்டின் பெயர் சந்தேகத்தின் அளவை மட்டும்தான் சொல்லும். நிரூபணம் அதில் இல்லை. அதற்கு அடுத்த படி.

பில்லையும் மறக்காதீர்கள். பில்லில் "மா 5 கி." என்று மட்டும் கிறுக்கியிருந்தால் திருப்பிக் கொடுத்து, பொருளின் முழுப் பெயரையும் தொகுதி எண்ணையும் எழுதித் தரச் சொல்லுங்கள். படத்தையும் பில்லையும் இணைப்பது அந்தத் தொகுதி எண்தான்.

6. வழங்குநரிடம் கடிதம் வாங்குதல்

கடைக்காரர் "இது ஜி.எம். இல்ல அக்கா, பயப்படாதீங்க" என்று சொன்னால் அது ஆதாரம் அல்ல. அவருக்கும் தெரியாது. கேட்க வேண்டிய இடம் இறக்குமதியாளர் அல்லது உற்பத்தி நிறுவனம். சாக்கில் அவர்களின் தொலைபேசி இலக்கமும் முகவரியும் இருக்கும். அழைத்து, பிறகு எழுத்தில் கேளுங்கள். கடிதம் இப்படி இருந்தால் போதும்:

"நாங்கள் உங்களின் (பொருளின் பெயர்), தொகுதி எண் (…), எங்கள் உணவுத் தயாரிப்பில் பயன்படுத்துகிறோம். இப்பொருள் எந்தப் பயிரிலிருந்து, எந்த நாட்டில் விளைந்ததிலிருந்து பெறப்பட்டது என்பதையும், மரபணு மாற்றிய உயிரியைக் கொண்டதா அல்லது அதிலிருந்து பெறப்பட்டதா என்பதையும், அதை எவ்வாறு உறுதி செய்தீர்கள் என்பதையும் எழுத்து மூலம் தரவும். ஆய்வு அறிக்கை இருப்பின் பிரதியை இணைக்கவும்."

"எவ்வாறு உறுதி செய்தீர்கள்" என்ற வரியை விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் "எமது பொருள் தரமானது, பாதுகாப்பானது" என்று ஒரு பக்கம் வரும். அதில் உங்களுக்குத் தேவையான எதுவும் இருக்காது. நல்ல பதிலில், விதையிலிருந்து ஆலை வரை தனியாகப் பிரித்துக் கொண்டுவந்த சரக்கு என்ற சான்றோ, ஆய்வுகூட அறிக்கையோ குறிப்பிடப்பட்டிருக்கும். கையொப்பம், முத்திரை, திகதி மூன்றையும் பாருங்கள்.

எஸ்.எல்.எஸ். சின்னம் இருக்கிறதே என்று கடிதத்தை விட்டுவிடுபவர்கள் இருக்கிறார்கள். அது தரநிர்ணயத்துக்கான சான்று. மரபணு நிலையைப் பற்றி அந்தச் சின்னத்தைப் பார்த்து எதுவும் சொல்ல முடியாது.

பதிலே வரவில்லையென்றால்? இரண்டாவது முறை கேளுங்கள். அதற்கும் வராவிட்டால் பொருளை மாற்றுங்கள். கோன் பிளவர் இடத்தில் மரவள்ளி மாவோ அரிசி மாவோ வேலை செய்யும். மிக்சருக்கு அரிசி மா உண்மையில் நன்றாகவே மொறுமொறுக்கும் என்பது என் கருத்து. சோயா மாவுக்குப் பதில் உளுந்து அல்லது கடலை மாவில் பைட்ஸ் செய்து பார்க்கலாம். நட்சத்திரம் குறையக் குறைய உங்கள் தலைவலியும் குறையும்.

7. 0.5 சதவீதக் கணக்கு

விதியில் ஒரு விலக்கு இருக்கிறது. தற்செயலாகவோ, தொழில்நுட்ப ரீதியில் தவிர்க்க முடியாமலோ கலந்துவிட்ட மரபணு மாற்றிய பொருள் 0.5 சதவீதத்துக்கு மேற்படாவிட்டால் இந்த விதி பொருந்தாது. இந்த ஒரு வரியைக் கேட்டவுடன் எல்லோரும் கணிப்பானைத் தூக்குகிறார்கள், தூக்கியவுடன் தவறு செய்கிறார்கள்.

ஒரு கிலோ மிக்சரில் சோயா மா 100 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சோயா மாவில் 2 சதவீதம் மரபணு மாற்றிய சோயா கலந்திருப்பதாக ஆய்வு சொல்கிறது. 100 கிராமில் 2 சதவீதம் என்றால் 2 கிராம். ஆயிரம் கிராம் மிக்சரில் 2 கிராம் என்றால் 0.2 சதவீதம். "அப்பாடா, அரைக்குக் கீழேதான்" என்று நிம்மதியாகிவிடுகிறார்கள்.

தப்பு. கணக்கு முழு மிக்சருக்கும் அல்ல. ஒவ்வொரு உட்பொருளுக்கும் தனித்தனியாக. சோயா மா என்ற உட்பொருளில் 2 சதவீதம் இருக்கிறது. 2 என்பது 0.5 ஐவிட அதிகம். விலக்குக் கிடைக்காது. மிக்சரில் சோயா மாவை 100 கிராமிலிருந்து 10 கிராமாகக் குறைத்தாலும் இந்த 2 மாறாது. 3 ஆம் படியில் ஏன் உள்ளே இருப்பவற்றையெல்லாம் பிரித்து எழுதச் சொன்னேன் என்பது இப்போது புரியும்.

இரண்டாவது நிபந்தனையைப் பலர் படிப்பதே இல்லை. கலப்பு "தற்செயலாக" இருக்க வேண்டும். கப்பலிலோ ஆலையிலோ முந்தைய சரக்கின் மிச்சம் ஒட்டி வந்தது போன்றவை அதில் அடங்கும். விலை மலிவென்று தெரிந்தே கொஞ்சம் கலந்துவிட்டு, 0.3 சதவீதம்தானே என்று சொல்ல முடியாது. தற்செயல் என்று காட்ட உங்களிடம் இருப்பது 6 ஆம் படியில் வாங்கிய கடிதம் மட்டுமே.

8. ஆய்வுகூடத்துக்கு எப்போது போக வேண்டும்

பெரும்பாலானவர்களுக்குத் தேவைப்படாது. வழங்குநரின் கடிதமும் அறிக்கையும் தெளிவாக இருந்தால் நீங்களும் காசு செலவழித்துச் செய்ய வேண்டியதில்லை. பெரிய ஓடர் ஒன்று அறிக்கை கேட்டாலோ, கடிதத்தில் முரண் இருந்தாலோ மட்டும் போங்கள்.

போவதென்றால், செய்து முடித்த மிக்சரைக் கொண்டுபோகாதீர்கள்; மூல மாவைக் கொடுங்கள். ஆய்வு பி.சி.ஆர். முறையில், அதாவது மரபணுத் துண்டைப் பெருக்கிக் கண்டறியும் முறையில் நடக்கும். மரபணு மாற்றிய பயிர்களில் பரவலாகச் சேர்க்கப்படும் 35எஸ், நொஸ் என்ற துண்டுகள் இருக்கின்றனவா என்று முதலில் தேடுவார்கள். கொதிக்கும் எண்ணெயில் பொரித்த பொருளில் மரபணுத் துண்டுகள் சிதைந்துபோயிருக்கும். "காணப்படவில்லை" என்று வந்தாலும் அதை நம்ப முடியாது. இருந்தால் எவ்வளவு சதவீதம் என்பது தனி ஆய்வு, தனிக் கட்டணம். முதல் ஆய்வுக்குப் பணம் கட்டும்போதே அதையும் கேட்டுவிடுங்கள்.

9. சரி, இப்போது என்ன எழுதுவது

உங்கள் பட்டியலில் நட்சத்திரமே இல்லையென்றால், அல்லது எல்லா நட்சத்திரத்துக்கும் நல்ல கடிதம் இருந்தால், மரபணு மாற்றம் பற்றி லேபிளில் எதுவும் எழுத வேண்டியதில்லை. பத்தில் ஒன்பது பேர் வந்து நிற்பது இங்கேதான். இவ்வளவு வேலையும் எதையும் எழுதாமல் இருப்பதற்கா என்று சிலர் முகம் சுளிப்பார்கள். ஆம், அதற்குத்தான். எழுதாமல் விடுவதற்கும் ஆதாரம் வேண்டும்.

அனுமதி பெற்ற மரபணு மாற்றிய உட்பொருளைத்தான் பயன்படுத்துகிறீர்கள் என்றால், முதலில் இறக்குமதியாளரிடம் அனுமதியின் பிரதியை வாங்குங்கள். உங்கள் தயாரிப்புக்கும் அது போதுமா, தனி அனுமதி வேண்டுமா என்பதைச் சுகாதார அமைச்சின் உணவுக் கட்டுப்பாட்டு நிருவாகப் பிரிவிடம் எழுத்தில் கேட்ட பிறகே உற்பத்தியைத் தொடங்குங்கள். லேபிளில் அந்த வாசகம் உட்பொருள் பட்டியலிலேயே, அந்தப் பொருளின் பெயரை ஒட்டி வர வேண்டும். "சோயா மா (மரபணு மாற்றியது)" அல்லது "மாச்சத்து (மரபணு மாற்றிய சோளத்திலிருந்து பெறப்பட்டது)" என்ற வடிவில். பெக்கட்டின் அடியில், மடிப்புக்குள், வேறு நிறத்தில் ஒளித்து வைப்பது எல்லாம் வேலைக்காகாது.

இரண்டுக்கும் நடுவில், கடிதமும் இல்லை, அனுமதியும் இல்லை, சரக்கும் வாங்கியாயிற்று என்று நிற்பவர்களுக்கு, "மரபணு மாற்றிய பொருள் இருக்கலாம்" என்று போட்டால் தப்பிக்கலாம் என்று யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். "இருக்கலாம்" என்பது, அனுமதி இல்லாமல் விற்கிறேன் என்று நீங்களே எழுதிக் கொடுப்பது போல. அந்தச் சரக்கை வீட்டுச் சமையலுக்கு வைத்துக்கொண்டு, புதிதாக வாங்குங்கள்.

10. "ஜி.எம். இல்லாதது" என்று பெரிதாகப் போடலாமா

ஆசை எல்லோருக்கும் வரும். கொழும்புக் கடைகளில் அப்படிப் போட்ட இறக்குமதிப் பெக்கட் விலை கூடப் போகிறது. ஆனால் ஸ்ட்ரோபெரி ஜேமில் அதைப் போட்டால் என்ன பொருள்? பக்கத்து ஜேமில் மரபணு மாற்றிய ஸ்ட்ரோபெரி இருக்கிறது என்று வாங்குபவர் நினைப்பார். அப்படி ஒரு பழம் சந்தையில் இல்லை. ஒரே வகை உணவுகள் எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு தன்மையைச் சொல்வதானால், அது எல்லாவற்றுக்கும் பொதுவானது என்பது கூற்றிலேயே தெரிய வேண்டும் என்று, கூற்றுகள் பற்றிய கோடெக்ஸ் (சர்வதேச உணவுத் தர அமைப்பு) வழிகாட்டுதல் நிபந்தனை வைக்கிறது. நம் உணவுச் சட்டமும் பொய்யான, தவறான எண்ணம் தரும் லேபிளைத் தடுக்கிறது. உப்பு பெக்கட்டில் ஜி.எம். இல்லை என்று போடுவது வெறும் வேடிக்கை. உப்பில் மரபணுவே இல்லை.

சோயாப் பொருளில் போடலாமா என்றால், ஒவ்வொரு தொகுதிக்கும் ஆய்வு அறிக்கை காட்ட முடிந்தால் யோசியுங்கள். என்னைக் கேட்டால் வேண்டாம் என்பேன். போட்ட வாக்கை ஒரு சாக்கு மாறினாலும் காப்பாற்ற வேண்டியிருக்கும்.

11. அச்சடிப்பும் ஒட்டுவதும்

இப்போதுதான் அச்சகம். பொதுவாகப் போட வேண்டியவை உங்களுக்குத் தெரிந்திருக்கும்: பொருளின் பெயர், எடை அதிகமானதிலிருந்து குறைந்தது வரை உட்பொருள்கள், நிகர எடை, தயாரித்தவர் பெயர் முகவரி, தொகுதி எண், தயாரித்த திகதி, காலாவதித் திகதி, வைக்கும் முறை, அதிகபட்ச சில்லறை விலை. சீனி, உப்பு, கொழுப்பு வண்ணக் குறியீடு உங்கள் பொருளுக்கு வருமா என்பதை பி.எச்.ஐ.யிடம் தனியாகக் கேளுங்கள். அது வேறு விதி.

சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் எழுதிவிடுங்கள். சிங்கள வரியைக் கூகிளில் மொழிபெயர்த்து அப்படியே போடாமல், சிங்களம் வாசிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். ஆயிரம் லேபிள் அடித்த பிறகு எழுத்துப் பிழையைக் கண்டுபிடித்து மார்க்கரால் திருத்தியவர்களின் பெக்கட் கடைத் தட்டில் எப்படித் தெரியும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

முதலில் ஒரே ஒரு தாளில் மாதிரி எடுத்து, உங்கள் பி.எச்.ஐ.யிடமோ சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலோ காட்டுங்கள். அவர்கள் சொல்லும் திருத்தத்தை அந்த மாதிரியிலேயே பேனையால் எழுதி, திகதி போட்டு, கோப்பில் வையுங்கள்.

அப்புறம் நம்ம ஊர்க் குளிர். நுவரெலியா, ஹட்டன் பனியில் மலிவான தாள் ஸ்டிக்கர் ஒரு மாதத்துக்குள் ஓரம் சுருண்டு எழும்பும். இங்க்ஜெட் எழுத்து ஈரத்தில் கரையும். மிக்சர் பெக்கட்டில் எண்ணெய்க் கை பட்டால், மார்க்கரால் எழுதிய தொகுதி எண் முதலில் அழியும். லேபிளில் வேறு எது அழிந்தாலும் அது அழியக் கூடாது. கடிதம், பில், படம் எல்லாவற்றையும் அந்தப் பெக்கட்டோடு கட்டி வைத்திருப்பது அந்த எண்தான். பிளாஸ்டிக் ஸ்டிக்கரில் லேசர் அச்சும், பை மூடும் சீல் பகுதிக்கு மேலே எண் வைப்பதும் நல்லது. மாவுப் பையை ஒட்டும்முன் துணியால் துடைத்துவிட்டு ஒட்டுங்கள்.

12. கோப்பு

ஒவ்வொரு உற்பத்தித் தொகுதிக்கும் ஒரு தாள். அதில் உங்கள் தொகுதி எண், செய்த திகதி, நட்சத்திரப் பொருள்களின் தொகுதி எண்கள். பின்னால் பில், சாக்கு அட்டையின் படம் (அச்செடுத்தது, தொலைபேசி உடைந்தால் போச்சு), வழங்குநர் கடிதம். இப்படி இருந்தால், பி.எச்.ஐ. ஒரு பெக்கட்டைக் காட்டி "இதில் சோயா எங்கே இருந்து?" என்று கேட்கும்போது ஒரு தாளை இழுத்துக் கொடுக்கலாம்.

வழங்குநர் கடிதம் ஒரு தடவை வாங்கினால் காலத்துக்கும் செல்லும் என்று நினைக்காதீர்கள். சாக்கின் பிராண்ட் மாறினால், நாடு மாறினால் புதுக் கடிதம். இரண்டும் மாறாவிட்டாலும் வருடத்துக்கு ஒரு முறை புதுப்பித்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு காலம் வைத்திருப்பது? பெக்கட் காலாவதியான பிறகும் குறைந்தது ஒரு வருடமாவது என்று நான் சொல்லுவேன். வெளிநாட்டுக்கு அனுப்பும் எண்ணம் இருந்தால் ஐந்து வருடம். ஐரோப்பிய ஒன்றியத்தின் தடமறிதல் விதி அவ்வளவு கேட்கிறது.

13. வெளியே அனுப்புபவர்களுக்கு ஒரு குறிப்பு

லண்டன், பாரிஸ் தமிழ்க் கடைகளுக்கும் சென்னைக்கும் அனுப்பக் கேட்கிறார்கள் என்று சிலர் வருகிறார்கள். நம்முடைய 0.5 அங்கே அப்படியே செல்லாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் தற்செயல் கலப்புக்கான எல்லை உட்பொருள் ஒவ்வொன்றுக்கும் 0.9 சதவீதம், ஆனால் அது அங்கே அனுமதி பெற்ற வகைகளுக்கு மட்டும். இந்தியா 2021 மார்ச் 1 முதல், குறிப்பிட்ட 24 உணவுப் பயிர்களின் இறக்குமதிக்கு மரபணு மாற்றம் இல்லை என்ற சான்றிதழ் கேட்கிறது. எல்லை 1 சதவீதம். பாரிசுக்குப் போகும் பெக்கட்டில் பிரெஞ்சு மொழியும் வேண்டும். வாங்குகிற வியாபாரியிடம் அந்த நாட்டு விதியின் பிரதியைக் கேட்டு வாங்கி, லேபிள் வாசகத்தை அவரிடமே எழுத்தில் உறுதி செய்த பிறகு அச்சுக்குக் கொடுங்கள். உள்ளூர் லேபிளின் மேல் இன்னொரு ஸ்டிக்கர் ஒட்டி அனுப்பினால், இரண்டிலும் உள்ள உட்பொருள் பட்டியல் சொல்லுக்குச் சொல் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். சுங்கத்தில் மேல் ஸ்டிக்கரை உரித்துப் பார்க்கவும் கூடும்.